பொடனியில் பிறந்து கண்ணில் வலிக்கும் தலைவலி

வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து உள்ளிருந்து அழுத்துவது போல ஒரு வலி எனக்கு மூன்று வருடம் இருந்தது. வலிப்பது கண் என்பதால் முதலில் கண்ணாடியை மாற்றினேன். பிறகு சைனஸ் என்றார்கள், மூக்கில் அடிக்கிற மருந்து வாங்கினேன். அப்புறம் ஒரு கிளினிக்கில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு மைக்ரேன் என்று சொல்லி மாத்திரை தந்தார்கள், அதற்கும் வலி அசையவில்லை. கடைசியில் தோள் வலிக்காகப் போன இடத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் என் மண்டையோடு முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி, வலது பக்கம் அழுத்தினார். அவர் அழுத்தியது பின்னால், பொடனியில். வலித்தது வலது கண். அதே வலி, அதே இடம். "இதுதானே உங்க தலைவலி?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், பார்த்த மருத்துவர்களிடமெல்லாம் கேள்வி கேட்டேன். புரிந்துகொண்டதை, இப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். கழுத்து தலைவலியைக் கொண்டுவரும், அது உண்மை. ஆனால் தலைவலியோடு சேர்ந்து கழுத்தும் வலிக்கிறது என்பதால் மட்டும் கழுத்துதான் காரணம் என்று ஆகிவிடாது, அதுவும் அதே அளவு உண்மை. இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டவர்கள் வருடக்கணக்கில் கஷ்டப்படுவதை நான் என் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன்.

பின்னால் இருக்கிற கோளாறு முன்னால் எப்படி வலிக்கும்? மாரடைப்பில் இடது கை வலிக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். கையில் ஒரு கோளாறும் இல்லை, கோளாறு நெஞ்சில், ஆனால் மூளை கையைக் காட்டுகிறது. கழுத்துக்கும் தலைக்கும் நடுவிலும் நடப்பது அதேதான். சிங்கப்பூரில் நம் வீவக (அரசாங்க அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழ்த்தளத்தில் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்குமே, அதில் இரண்டு வீட்டுக்கு ஒரே பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நெற்றி, கண், கன்னம் எல்லாவற்றிலிருந்தும் வலிச் செய்தியைக் கொண்டுபோவது முக்கிளை நரம்பு. அதன் செய்திகள் மூளைத்தண்டோடு நின்றுவிடுவதில்லை, அங்கிருந்து கீழே இறங்கிக் கழுத்தின் மேல்பகுதித் தண்டுவடம் வரைக்கும் வருகின்றன. கழுத்திலிருந்து வருகிற முதல் மூன்று நரம்புகளும் வந்து சேருவது அதே இடம். இரண்டு பக்கத்துக் கடிதமும் ஒரே பெட்டியில் விழுகிறது, அனுப்பியவர் பெயர் இல்லை. அதைப் பிரித்துப் படிக்கிற மூளை, கழுத்து எழுதிய கடிதத்தைக் கண் எழுதியது என்று எடுத்துக்கொள்கிறது. அதிலும் முக்கிளை நரம்பில் நெற்றிக்கும் கண்ணுக்கும் உரிய கிளைதான் மிகக் கீழே வரை இறங்குகிறது, அதனால்தான் பொடனி வலி பெரும்பாலும் கண்ணைச் சுற்றியும் நெற்றியிலும் போய் உட்காருகிறது.

இதில் "முதல் மூன்று" என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். கழுத்தில் 7 எலும்புகள், 8 இணை நரம்புகள். இந்தத் தபால் பெட்டியில் கடிதம் போடுவது மேலே இருக்கிற மூன்று மட்டும்தான். அவற்றோடு சம்பந்தப்பட்டவை மண்டையோடு முதல் எலும்பில் உட்காருகிற மூட்டு, முதல் எலும்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் உள்ள மூட்டு, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் உள்ள மூட்டும் தட்டும் (எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருப்பது), அவற்றைச் சுற்றிப் பொடனியில் இருக்கிற சின்னச் சின்னத் தசைகள். "ஆமாம்" என்று தலையாட்டுவது பெரும்பாலும் முதல் மூட்டில் நடக்கிறது. "இல்லை" என்று தலையைத் திருப்புகிறோமே, கழுத்து மொத்தமாகத் திரும்புவதில் ஏறக்குறைய பாதி முதல் எலும்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவிலேயே நடந்துவிடுகிறது. அவ்வளவு வேலை பார்க்கிற இடம். அங்கே மூட்டு இறுகினாலோ அடிபட்டாலோ தலை வலிக்க எல்லா வழியும் உண்டு.

இப்படி வருகிற தலைவலிக்குத் தனியாக ஒரு பெயர் வைத்தவர் நார்வே நாட்டு நரம்பியல் மருத்துவர் ஓட்டார் ஷோஸ்டாட், 1983-ல். செர்விகோஜெனிக் தலைவலி என்றார், கழுத்திலிருந்து பிறப்பது என்று அர்த்தம். நான் இதைக் கழுத்துவழித் தலைவலி என்று சொல்லிக்கொள்கிறேன். பெயர் வைத்தபோது எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை, இப்படி ஒன்று தனியாக இருக்கிறதா என்ற வாக்குவாதம் நரம்பியல் மருத்துவர்களுக்குள் வெகுகாலம் நடந்தது. இன்று உலகத் தலைவலிச் சங்கத்தின் பட்டியலில் அதற்கு இடம் இருக்கிறது, எதை வைத்து உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதிகளும் இருக்கின்றன.

சரி, நம்முடைய தலைவலி இதுவா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கே நம் மொழியே நம்மைக் கொஞ்சம் குழப்பிவிடுகிறது. மைக்ரேனைத் தமிழில் ஒற்றைத் தலைவலி என்கிறோம். அதனால் ஒரு பக்கம் வலித்தாலே "ஒற்றைத் தலைவலிதான்" என்று வீட்டில் முடிவாகிவிடுகிறது, கிளினிக்கிலும் அதையே சொல்கிறோம். ஆனால் மைக்ரேன் பெரும்பாலும் பக்கம் மாறும், இந்த முறை இடது என்றால் அடுத்த முறை வலது, சிலருக்கு இரண்டு பக்கமும் சேர்ந்தே வலிக்கும். பக்கம் மாறாமல் ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது கழுத்துவழித் தலைவலிக்கு இன்னும் பொருத்தமான அடையாளம். பொடனியில் ஆரம்பித்து மேலேறி முன்னால் வரும். கழுத்தை ஒரு பக்கம் திருப்பினால், அல்லது ஒரே நிலையில் வெகுநேரம் வைத்திருந்தால், வலி வரும் அல்லது கூடும். அந்தப் பக்கம் தலை முழுதாகத் திரும்பாது. சிலருக்கு அதே பக்கம் தோளும் கையும் மந்தமாக வலிக்கும். மைக்ரேனோ பெரும்பாலும் துடிக்கிற வலி, மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, படியேறினாலே கூடும். இரண்டு பக்கமும் நாடா கட்டி இறுக்கியது போல வருவது இன்னொரு வகை, அழுத்தத் தலைவலி என்பார்கள், ஊரில் அதிகம் பேருக்கு வருவது அதுதான்.

இந்த அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்து வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும், இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பலபேர் தவறான வழியில் போய்விடுகிறார்கள். என் அத்தை ஆங் மோ கியோவில் இருக்கிறார். அவருக்குத் தலைவலி வருவதற்கு முந்தின நாளே கழுத்து இறுகிவிடும், கொட்டாவி கொட்டாவியாக வரும். அதனால் கழுத்துதான் காரணம் என்று அவருக்கு ஒரே உறுதி. விலையுயர்ந்த தலையணை வாங்கினார், வாரம் ஒரு முறை உருவிவிடப் போனார், சுக்கை இழைத்து நெற்றியில் பற்று போட்டுக்கொண்டு இருட்டு அறையில் படுப்பார். அந்த இருட்டு அறையையும் வாந்தியையும் கேட்டதுமே நரம்பியல் மருத்துவர் இது மைக்ரேன் என்றார். தபால் பெட்டி பொதுவானது என்பதால் குழப்பம் எதிர்த் திசையிலும் நடக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மைக்ரேன் உள்ளவர்களில் ஏராளமானோருக்குத் தலைவலியோடு, சிலருக்கு அதற்கும் முன்னால், கழுத்து வலிக்கிறது. அது மைக்ரேனின் ஓர் அறிகுறி. காரணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் முதல் மணியோசை. அத்தைக்கு மைக்ரேன் வராமல் தடுக்கிற மாத்திரை கொடுத்தார்கள், தலைவலி குறையக் குறையக் கழுத்துப் பிடிப்பும் தானாகக் குறைந்துவிட்டது.

கழுத்துவழித் தலைவலி அவ்வளவு சர்வசாதாரணமும் இல்லை. நார்வேயில் வோகா என்ற இடத்து மக்களிடம் ஷோஸ்டாட் குழுவினர் எடுத்த கணக்கில் 100 பேரில் சுமார் 4 பேருக்கு இருந்தது. உலகத்தில் மைக்ரேன் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஆகவே கழுத்தும் தலையும் சேர்ந்து வலிக்கிறவர்களில் நிறையப் பேருக்கு என் கதையைவிட அத்தையின் கதையே பொருந்தும்.

அடுத்து எக்ஸ்ரே. "கழுத்து எலும்பு தேய்ந்துபோச்சு, அதான் தலைவலி" என்ற வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதத்தினருக்குக் கழுத்தில் தட்டு பிதுங்கியிருந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே பெரும்பாலோருக்கு இருந்தது. யாருக்கும் வலியில்லை. அதோடு, தேய்மானம் அதிகம் காணப்படுவது கழுத்தின் கீழ்ப்பகுதியில், ஐந்தாவது ஆறாவது எலும்பைச் சுற்றி. அங்கே நரம்பு அழுந்தினால் வலி கையில் இறங்கும், விரல் மரத்துப்போகும். தலைவலிக்கான தபால் பெட்டியில் கடிதம் போடுவது மேலே உள்ள மூன்று நரம்புகள் என்று பார்த்தோமே, அப்படியிருக்கக் கீழே உள்ள தேய்மானத்தைக் காட்டி நெற்றி வலிக்குக் காரணம் சொல்வது சரியாக வராது. படத்தில் ஒன்று தெரிகிறது என்பதற்காக அதுதான் வலிக்கிறது என்று பயந்து போகாதீர்கள்.

உண்மையில் இதை உறுதிசெய்ய உதவுவது கைதான். படுக்கவைத்து, முகவாய் நெஞ்சைத் தொடுகிற மாதிரி கழுத்தை நன்றாக மடக்கி, அப்படியே தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார்கள். மடக்கியிருப்பதால் கீழே உள்ள மூட்டுகள் பூட்டிக்கொள்ளும், மேல் மூட்டு மட்டும் திரும்பும். சாதாரணமாக ஒவ்வொரு பக்கமும் சுமார் 44 டிகிரி போகும், 32-க்கும் கீழே நின்றுவிட்டால் அந்த மூட்டில் ஏதோ இறுக்கம் இருக்கிறது என்று சந்தேகப்படுவார்கள். எனக்கு வலது பக்கம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. இதையும் தாண்டிச் சந்தேகம் இருந்தால், வலி நிபுணர்கள் குறிப்பிட்ட மூட்டுக்குப் போகிற சின்ன நரம்பில் மரத்துப்போகிற ஊசி போடுவார்கள். தலைவலி அப்படியே மறைந்தால் கடிதம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். காரில் பின்னால் வண்டி வந்து இடித்துக் கழுத்து வெடுக்கென்று முன்னும் பின்னும் ஆடிய பிறகு தலைவலி பிடித்துக்கொண்டவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது எலும்புக்கு நடுவில் உள்ள மூட்டில்தான் அடிக்கடி கோளாறு என்று ஆஸ்திரேலியாவில் நிக்கோலாய் போக்டக் குழுவினர் 1994-ல் கண்டது இப்படி ஊசி போட்டுப் பார்த்துத்தான்.

யாருக்கு வரும் என்று கேட்டால், கைத்தொலைபேசியைக் குனிந்து பார்ப்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எம்ஆர்டி ரயிலில் ஏறினால் ஒரு பெட்டி முழுக்கக் குனிந்த தலைதான், உண்மை. 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறும் என்ற படம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது 2014-ல் கணினியில் போட்ட கணக்கு, மனிதர்களின் கழுத்தில் அளந்தது இல்லை, பாரம் ஏறுகிறது என்பதாலேயே வலி வரும் என்றும் அது காட்டவில்லை. குனிவதைவிட அசையாமல் இருப்பதுதான் அதிகத் தொல்லை என்று எனக்குத் தோன்றுகிறது, என் உடம்பும் அதையே சொல்கிறது. ஆனால் யாரும் பேசாத இன்னொரு கூட்டம் இருக்கிறது. சீலிங் வேலை பார்க்கிற தம்பிகள். புதுக்கோட்டையிலிருந்து வந்து இங்கே தீயணைப்புக் குழாய் மாட்டுகிற ஒரு தம்பியைத் தேக்காவில் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தேன். நாள் முழுக்கத் தலையில் ஹெல்மெட், அண்ணாந்த கழுத்து, தூக்கிய கை. ராத்திரி டார்மிட்டரியில் படுக்கும்போது பொடனியிலிருந்து நெற்றிவரை வலி, தினமும் இரண்டு பனடோல் வலி மாத்திரை. "வெயில் சூடுண்ணு நெனச்சேன்க்கா" என்றது அந்தப் பிள்ளை. வெயிலும் சேர்ந்திருக்கலாம், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், ஆனால் ஏணியை இரண்டு படி ஏற்றிப் போட்டுக் கண் மட்டத்துக்கு வேலையைக் கொண்டுவர முடிந்த இடத்திலாவது அப்படிச் செய் என்றும், கம்பெனி டாக்டரிடம் கழுத்தையும் காட்டு என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

பனடோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாகச் சாப்பிட்டால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவர ஆரம்பிக்கும். மைக்ரேனுக்கென்றே தருகிற டிரிப்டான் வகைக்கும் கோடீன் கலந்த மாத்திரைக்கும் அந்த எல்லை 10 நாள்தான். தினமும் இரண்டு என்பது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அப்படி ஆனபின் அசல் தலைவலி எது, மாத்திரை கொண்டுவந்த தலைவலி எது என்று மருத்துவராலேயே பிரிக்க முடியாமல் போகும்.

அப்புறம் வைத்தியம். இதில் எனக்கு நம்பிக்கை தந்தது ஆஸ்திரேலியாவில் குவெண்டலின் ஜல் என்ற பிசியோதெரபி பேராசிரியர் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வு. கழுத்துவழித் தலைவலி உள்ள 200 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கையால் மூட்டு வைத்தியம், ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு இரண்டும், ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. ஆறு வாரம். வைத்தியம் பெற்ற மூன்று குழுவிலும் தலைவலி குறைந்தது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நின்றிருந்தது. அந்தப் பயிற்சி பளு தூக்குவது மாதிரி எதுவும் இல்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், "ஆமாம்" என்று மிக லேசாக முகவாயை உள்ளே இழுத்துப் பத்து விநாடி வைத்திருப்பது, பத்து முறை. தொண்டைக்குப் பின்னால் எலும்பை ஒட்டி இருக்கிற ஆழமான தசைகளுக்கு அது பயிற்சி. பார்ப்பதற்கு ஒன்றுமே செய்யாதது போல இருக்கும், ஒழுங்காகச் செய்தால் மூன்றாவது முறையிலேயே நடுங்கும். தவறாகச் செய்தால் முன்கழுத்துப் பெரிய தசைகள் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும், அதனால் ஒரு முறையாவது பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து காட்டிவிட்டு வீட்டில் செய்யுங்கள். எனக்கு ஐந்தாவது வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. முழுதாகப் போகவில்லை, மாதத்தில் இரண்டு நாள் வரும், வந்தால் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். முடிவெட்டப் போகிற இடத்தில் தலை மசாஜ் செய்துவிட்டுக் கழுத்தைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு சடக், அந்தப் பக்கம் ஒரு சடக் என்று திருப்புவார்களே, அதற்குத் தலையைக் கொடுக்காதீர்கள். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகிற இரண்டு குழாய்கள் கழுத்து எலும்புகளில் உள்ள ஓட்டைகள் வழியாகவே ஏறுகின்றன, முதல் எலும்பைச் சுற்றி வளைந்து உள்ளே போகின்றன. வேகமாகத் திருப்பும்போது அந்தக் குழாயின் உள்சுவர் கிழியலாம். மிக அரிது, ஆனால் கிழிந்தால் பக்கவாதம். அதைவிட மோசம், ரத்தக்குழாய் கிழிவதன் முதல் அறிகுறியே புதிதாக வருகிற கழுத்து வலியும் தலைவலியும்தான். கழுத்து வலிக்கிறதே என்று உருவிவிடப் போகிறவர் ஏற்கெனவே கிழிந்த குழாயோடு போகக்கூடும்.

எந்தத் தலைவலிக்கு இதையெல்லாம் யோசித்துக்கொண்டு உட்காரக் கூடாது என்றால்: ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற, வாழ்க்கையில் இதுவரை வராத மாதிரி இடி போல இறங்குகிற தலைவலி. காய்ச்சலோடு கழுத்து விறைத்து முகவாய் நெஞ்சைத் தொட முடியாமல் போவது. ஒரு கண்ணிமை தொங்குவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கம் கைகால் வலுவிழப்பது, இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது. விழுந்து அடிபட்ட பிறகு வருவது. இதற்கெல்லாம் தைலமும் தேய்க்க வேண்டாம், காலையில் பார்க்கலாம் என்றும் இருக்க வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 995-ஐக் கூப்பிடுங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் என்றால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது, விட்டால் கண் போய்விடும்.

அவசரம் இல்லாத வலிக்கு அரசாங்கப் பலதுறை மருந்தகத்திலிருந்தே (பாலிகிளினிக்) ஆரம்பிக்கலாம், பலவற்றில் பிசியோதெரபியும் உண்டு, தேவைப்பட்டால் அங்கிருந்தே மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள், அந்த வழியாகப் போனால் மானியமும் கிடைக்கும். போவதற்கு முன்னால் ஒரு மாதம் எழுதி வையுங்கள். எந்த நாள், எந்தப் பக்கம், எங்கே ஆரம்பித்தது, கழுத்தா தலையா எது முதலில், குமட்டியதா, எத்தனை மாத்திரை. அது தாளில் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நான் என் அத்தையோடு போனபோது செய்த தவறு இது. அவர் "பொடனியில சுருக்குன்னு புடிச்சு, அப்படியே காதுக்குப் பின்னால ஏறி, நெத்தியில வந்து தெறிக்குது, தெறிச்சா குமட்டுது" என்று சொன்னார். நான் மருத்துவரிடம் மொழிபெயர்த்தது ஒரே சொல், தலைவலி. அவர் சொன்னதில் மருத்துவருக்கு வேண்டிய நான்கு விஷயம் இருந்தது, நான் நான்கையும் கதவுக்கு வெளியே விட்டுவிட்டேன். இரண்டாவது முறை போனபோது அத்தையின் விரலைப் பிடித்துப் பொடனியில் வைத்து, வலி போகிற வழியை அவரையே காட்டச் சொன்னேன். மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.